செயலிகள் மாறும், சேவைகள் மூடப்படும்: நம் தரவைக் கையில் வைத்துக்கொள்ளும் வழி

எட்டு ஆண்டுகள் நான் ஒரே குறிப்பேட்டுச் செயலியில் எழுதிவந்தேன். வீட்டுக் கணக்கு, படித்த புத்தகங்களிலிருந்து எடுத்துவைத்த வரிகள், மருத்துவர் சொன்ன மருந்தின் அளவு, பாதியில் நின்ற கதைகள் என எல்லாமே அதில் இருந்தன. இடையில் சில மாதங்கள் அதைத் திறக்காமல் இருந்துவிட்டேன். மறுபடி திறந்தபோது சேவையகத்துடன் இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரிதான் வந்தது. விசாரித்ததில், சேவையை மூடப்போவதாக மூன்று மாதங்களுக்கு முன்பே அவர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருந்ததும், அது நான் வேலை மாறியபோது கைவிட்ட பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததும், குறிப்புகளைப் பதிவிறக்கிக்கொள்வதற்கான கெடு முடிந்து ஒன்பது நாட்கள் ஆகிவிட்டதும் தெரியவந்தன. அறிவிப்பைச் செயலிக்குள்ளேயே காட்டாதது அவர்கள் பிழை. முகவரியை மாற்றாமல் விட்டது என் பிழை. அந்த ஒன்பது நாட்களைப் பிறர் கோட்டைவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இந்த வழிகாட்டியின் பேச்சு.

இணையச் சேவைகளில் நாமெல்லாம் வாடகைக் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் சுவரை இடிக்கலாம், வாடகையை ஏற்றலாம், ஒருநாள் காலிசெய்யச் சொல்லலாம். அதையெல்லாம் நம்மால் தடுக்க இயலாது. ஆனால் கிளம்பும்போது நம் பெட்டி படுக்கை நம்மோடு வரவேண்டும், அடுத்த வீட்டின் வாசலிலும் அது நுழையவேண்டும். இது பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்றும், சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்றும், பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்றும், ஸ்கைப் 2025 மே 5 அன்றும் மூடப்பட்டன. மூடப்படாமலேயே இழப்பு நேர்வதும் உண்டு: மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தன் சேவையகங்களை (சர்வர்களை) மாற்றியபோது, 2015ஆம் ஆண்டுக்கு முன் பயனர்கள் ஏற்றிவைத்திருந்த பாடல்களும் படங்களும் அழிந்துபோயின என்பது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. தளம் என்னவோ இயங்கிக்கொண்டேதான் இருந்தது.

முதலில் ஒரு தாள்

எந்தச் செயலியையும் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள செயலிகளின் பட்டியலையும் உலாவியில் சேமித்துவைத்துள்ள கடவுச்சொற்களின் பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தால், நாம் மறந்துபோன கணக்குகளே பாதிக்குமேல் இருப்பது தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள்: எந்த மின்னஞ்சல் அல்லது கைபேசி எண்ணைக்கொண்டு உள்ளே நுழைகிறோம், நம்முடையது என்று அதில் என்ன இருக்கிறது, அதே பொருளின் இன்னொரு பிரதி வேறெங்காவது உண்டா.

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று விடை வரும் சேவைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பலரின் தாளிலும் இந்த வட்டம் நான்கைந்தைத் தாண்டாது; புகைப்படங்கள், தொடர்பு எண்கள், உரையாடல்கள், குறிப்புகள், மின்னஞ்சல் ஆகியவையே பெரும்பாலும் அதில் விழும். வானிலைச் செயலியோ உணவுக்குறிப்புச் செயலியோ நாளை காணாமல் போனாலும் வேறொன்றை நிறுவிக்கொள்ளலாம், ஆகவே அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். உழைப்பு முழுவதும் அந்தச் சிவப்பு வட்டங்களுக்கு உரியது.

கைவிட்ட முகவரியில் பதிவான கணக்குகள் இந்தத் தாளில் கண்ணில் பட்டால், அன்றே முகவரியை மாற்றிவிடுங்கள். அலுவலகம் கொடுத்த மின்னஞ்சலில் சொந்தக் கணக்குகளைத் தொடங்குவது நல்ல பழக்கமன்று. வேலையை விட்ட மறுநாளே அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

புதுப்பிப்பு வரும்போது

புதுப்பிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது ஒன்று. தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றுவது மற்றொன்று. முதல்வகையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்டேட் போட்டால் எல்லாம் மாறிவிடுகிறது என்று எரிச்சலடைந்து தானியங்கிப் புதுப்பிப்பையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஓட்டைகள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட பிறகும் பழைய பதிப்பிலேயே இருப்பது, திருடனுக்கு வழி சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். ஆனால் இயங்குதளத்தின் பெரிய பதிப்பு மாற்றம் என்றால், வெளியான நாளிலேயே ஏற்றவேண்டிய அவசியம் இல்லை. இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்தால், முதலில் ஏற்றியவர்கள் சந்தித்த கோளாறுகளுக்குத் திருத்தம் வந்திருக்கும்.

பெரிய மாற்றத்துக்கு முன் அமைப்புகள் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது என் வழக்கம். யாருக்கு என்ன தெரியவேண்டும், எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி, எது பின்னணியில் இயங்கலாம் என்ற தெரிவுகள் மாற்றத்துக்குப் பின் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட அந்தப் படங்கள் உதவுகின்றன. புதிதாகச் சேர்க்கப்பட்ட வசதிகள் இயங்கும் நிலையிலேயே வந்து இறங்குவது இப்போதெல்லாம் சாதாரணமாகிவிட்டதால், தனியுரிமைப் பகுதியில் முன்பு இல்லாத பொத்தான் ஏதேனும் முளைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பொத்தான்கள் இடம் மாறிவிட்டால் தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அமைப்புகள் பக்கத்திலேயே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. வேண்டியதன் பெயரை அதில் தட்டினால் அந்த இடத்துக்கே அது கொண்டுபோய்விடும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது இது மிகவும் உதவும். என் பெரியம்மாவுக்குக் காணொளி அழைப்பை 'வலதுபக்கம் மேலே இரண்டாவது படம்' என்றுதான் நான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு புதுப்பிப்பில் அந்தப் படம் இடம் மாறியதும், அவர் தன் கைபேசி கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டி அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, 'கேமரா போன்ற படம் எங்கே இருந்தாலும் அதைத் தொடுங்கள்' என்று படத்தின் உருவத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மாற்றத்தை அவர் என்னைக் கேட்காமலேயே கடந்தார்.

இலவசம் கட்டணமாகும்போது

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 வரை, சற்றுத் தரம் குறைத்த படங்களைக் கணக்கின்றிச் சேமித்துக்கொள்ள இடம் தந்தது. அதன்பின் ஏற்றுபவை எல்லாம் ஜிமெயில் மின்னஞ்சலுக்கும் கூகுள் டிரைவ் என்ற கோப்புச் சேமிப்புக்கும் பொதுவான 15 ஜிபி இலவச இடத்தில் சேர்ந்தன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்படியும் (பேக்கப்) 2024 முதல் அதே 15 ஜிபிக்குள் அடங்கவேண்டியதாயிற்று. படங்களைச் சேமிக்கும் தளமான பிளிக்கர் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பை 2018இல் அறிவித்தது. குறிப்பேட்டுச் செயலியான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகள் என்று சுருக்கியது. சேவை பழையபடியே இருக்க, வரம்பு மட்டும் இறுகும் இத்தகைய மாற்றங்களே மூடுவிழாக்களைவிட அடிக்கடி நிகழ்கின்றன.

இடம் நிரம்பிவிட்டது என்ற சிவப்பு எச்சரிக்கையைக் கண்டதும் பதற்றத்தில் பணம் கட்டாதீர்கள். சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து கோப்புகளை அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள். மறந்துபோன நான்கு நீளமான காணொளிகளும், குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றை நீக்கிய பிறகும் இடம் போதாவிட்டால் சந்தா செலுத்துவதில் தவறில்லை. நன்றாக இயங்கும் ஒரு சேவைக்கு விலை கொடுப்பது, இலவசமாகக் கிடைக்கிறது என்று நாளைக்கே கடையைக் கட்டப்போகும் ஒன்றை நம்புவதைவிட மேல் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு வரும் கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதியிலும், ஐபோனில் அமைப்புகளில் நம் பெயரைத் தொட்டு வரும் சந்தாக்கள் பகுதியிலும்தான் அதை நிறுத்தவேண்டும். இணையதளத்தில் நேரடியாக அட்டை எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய சந்தா இந்த இரண்டு இடங்களிலும் தெரியாது. அதற்கு அந்தத் தளத்துக்கே போகவேண்டும்.

மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தால்

இத்தகைய அறிவிப்புகளில் நன்றியும் நினைவுகளும் நிறைந்த பத்திகளைத் தாண்டிக்கொண்டு தேதிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருக்கும்: புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் போகும் நாள், பதிவிறக்கம் நிற்கும் நாள், எல்லாம் அழிக்கப்படும் நாள். யாகூ குழுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தச் சேவை 2020 டிசம்பர் 15 அன்றுதான் முழுவதுமாக மூடப்பட்டது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த கோப்புகளையும் மடல்களையும் பதிவிறக்கிக்கொள்ளும் கெடு அதே ஆண்டின் ஜனவரி இறுதியிலேயே முடிந்துவிட்டது. கடைசித் தேதியை மட்டும் மனத்தில் வைத்திருந்தவர்கள் வந்தபோது வீடு இருந்தது, சாமான்கள் இல்லை.

அடுத்ததாக, காப்புப்படிக்கும் ஏற்றுமதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். காப்புப்படி என்பது அதே செயலிக்குத் திரும்பிப்போவதற்கான ஏற்பாடு. வாட்ஸ்அப்பின் காப்புப்படியை வாட்ஸ்அப் மட்டுமே திறக்கும். அந்தச் செயலியே இல்லையென்றால் அது வெறும் பூட்டிய பெட்டி. ஏற்றுமதி என்பது பிற மென்பொருள்களும் படிக்கக்கூடிய வடிவில் பொருளை வெளியே எடுப்பது. அதே வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை ஏற்றுமதி செய்தால் எளிய உரைக்கோப்பு ஒன்று கிடைக்கும்; அதை எந்தக் கணினியிலும் படிக்கலாம், ஆனால் மீண்டும் வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. ஆகவே மனத்துக்கு நெருக்கமான உரையாடல்களுக்கு இரண்டையும் எடுத்துவைக்கவேண்டும்.

எடுக்கும்போது வடிவத்தைப் பாருங்கள். தொடர்புகளுக்கு விசிஎஃப், நாட்காட்டிக்கு ஐசிஎஸ், மின்னஞ்சலுக்கு எம்பாக்ஸ், அட்டவணைகளுக்கு சிஎஸ்வி, உலாவியில் குறித்துவைத்த பக்கங்களுக்கு எச்டிஎம்எல் ஆகியவை பல மென்பொருள்களுக்கும் பொதுவான வடிவங்கள். கூகுளின் பெரும்பாலான சேவைகளுக்கு, 2011இல் தொடங்கிய டேக்கவுட் என்ற ஒரே வாயில் இருக்கிறது. வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகளை ஜிப் வடிவில் சுருக்கி, அவற்றை இறக்குவதற்கான இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். அந்த இணைப்பு ஒரு வாரமளவுக்கே உயிரோடு இருக்கும் என்பதால் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தன் தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் பெறும் உரிமையைப் பயனருக்குத் தருகிறது; உலகெங்கும் பல செயலிகளில் 'உங்கள் தரவைப் பதிவிறக்குக' என்ற தெரிவு தென்படுவதற்கு அந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு.

இறக்கியாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. திறந்து பார்க்காத ஜிப் கோப்பைக் கையில் உள்ளதாகவே கணக்கில் கொள்ளக் கூடாது. என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இன்னொரு செயலியிலிருந்து என் புத்தகப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து, அதன்மேல் இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்தேன். விலையும் ஆண்டும் சரியாக இருந்தன. தமிழ்த் தலைப்புகள் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் விநோதக் குறிகளும் வரிசைகட்டி நின்றன. தரவு கெட்டுவிட்டதென்று பலரும் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். உண்மையில் கோப்பு நலமாகவே இருந்தது. அதைப் படித்த விதம்தான் பிழை. எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கக்கூடிய யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் கோப்பு எழுதப்பட்டிருக்க, எக்செல் அதைப் பழைய குறியாக்கமாக (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பழைய முறையாக) கருதித் திறந்துவிட்டது. அவ்வாறு நேர்ந்தால் எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் அந்தச் சிதைவே நிலைத்துவிடக்கூடும். பிறகு எக்செல்லில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தரவுப் பகுதியில் உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து கொண்டுவரும் தெரிவைத் தொட்டு, கோப்பின் மூலக் குறியாக்கமாக 65001 என்ற எண்ணுள்ள யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் தலைப்புகள் தமிழில் வந்து நிற்கும். லிபர்ஆபிஸ் திறக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும் என்பதால் அதில் வேலை இன்னும் சுலபம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அவற்றையும் இந்தச் சாக்கில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும்.

படங்களில் வேறொரு பொறி உண்டு. தாத்தா பாட்டியின் பழைய படங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, கூகுள் போட்டோஸுக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் எடுக்கப்பட்ட ஆண்டைத் திருத்தி, அதில் இருப்பவர்கள் யார் என்ற விளக்கத்தையும் எழுதிவைத்திருப்போம். டேக்கவுட்டில் எடுக்கும்போது அந்தத் திருத்தங்கள் படத்துக்குள் இல்லாமல், பக்கத்தில் ஜேசன் என்ற வகைச் சிறு உரைக்கோப்பில் தனியே வரும். தேவையற்ற கோப்புகள் என்று எண்ணி அவற்றை அழித்துவிட்டால் படம் இருக்கும், படத்தின் கதை போய்விடும். இரண்டையும் ஒரே அடைவில் (ஃபோல்டரில்) சேர்த்தே வைத்திருங்கள்.

இப்படி எடுத்தவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டிலுள்ள வன்தட்டாகவும் மற்றொன்று வேறொரு நிறுவனத்தின் இணையச் சேமிப்பாகவும் இருப்பது நல்லது.

கணக்கின் சாவிகள்

ஒரு சேவை மாறும்போது அதை நம்பியிருக்கும் வேறு சேவைகளும் ஆட்டம் காணும். கூகுள் கணக்கையோ ஃபேஸ்புக் கணக்கையோ கொண்டு வேறு தளங்களில் நுழைகிறோமென்றால், அந்த ஒரு கணக்கு போனால் எத்தனை கதவுகள் அடைபடும் என்பதை அதன் அமைப்புகளில் உள்ள இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலில் பார்க்கலாம். முக்கியமான தளங்களில் தனிக் கடவுச்சொல் ஒன்றையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் விதி மாறக்கூடியதே. ட்விட்டர் 2023 மார்ச் 20 முதல், குறுஞ்செய்தியில் ஓடிபி பெறும் வசதியைக் கட்டணப் பயனர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. மற்றவர்கள் குறியீட்டுச் செயலி (நுழைவு எண்ணைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் செயலி) போன்ற வேறு வழிக்கு மாறவேண்டியிருந்தது. குறியீட்டுச் செயலியைப் பயன்படுத்துவோர், பழைய கைபேசியை விற்பதற்கு முன் கணக்குகளைப் புதியதற்கு மாற்றி, புதியதிலிருந்து ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகே பழையதைத் துடைக்கவேண்டும். கைபேசி கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுக் கைபேசிக்கு வெளியே வைத்திருங்கள். கைபேசி எண்ணை விட்டுவிடுவதானால் அதற்கு முன் எல்லாக் கணக்குகளிலும் எண்ணை மாற்றுங்கள், ஏனெனில் நாம் விட்ட எண் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம், நம் ஓடிபிகளும் அவருக்கே போகும்.

இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் செயல்படுத்துகிறது. பழைய படங்களுக்காக மட்டும் வைத்திருக்கும் கணக்குகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளே நுழையுங்கள்.

இத்தகைய மாற்றங்கள் செய்தியாகும்போது போலி அறிவிப்புகளும் கிளம்பிவிடும். '24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு மூடப்படும்' என்று வரும் மடலில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியையோ தளத்தையோ நீங்களாகவே திறந்து பாருங்கள். முக்கியமான அறிவிப்பாக இருந்தால் அநேகமாக அங்கும் தெரியும். தெரியாவிட்டால், அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய கைபேசி

கருவி உடைவதற்கு முன்பே அதன் காலம் முடிந்துவிடுகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வாட்ஸ்அப் 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1க்கு முந்தைய பதிப்புகளை விட்டுவிட்டதால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் கைபேசிகளில் அது நின்றுபோயிற்று. புதுக் கைபேசி வாங்கும்போது கேமராவின் எண்களுக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டுள்ளன என்பதற்குத் தரவேண்டும். கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் அறிவிக்கப்பட்டன. விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் அது மிகவும் குறைவு. வெளியாகி இரண்டு ஆண்டுகள் ஆன கைபேசியைத் தள்ளுபடியில் வாங்கினால், அந்த இரண்டு ஆண்டுகள் கணக்கில் முன்பே கழிந்துவிட்டன என்பதையும் பாருங்கள்.

புது இடமும் பழைய கணக்கும்

புதிய சேவைக்குப் போகும்போது அதன் அழகையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழியைப் பாருங்கள். முதல் நாளிலேயே பத்துக் குறிப்புகளையோ பத்துப் படங்களையோ மட்டும் அதில் போட்டு, உடனே ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அரைமணி நேர வேலைதான். பத்தும் ஒழுங்காக வெளியே வந்தால் மீதியைக் கொண்டுபோகலாம். ஏற்றுமதித் தெரிவே இல்லையென்றாலோ, அது கட்டணப் பயனர்களுக்கு மட்டும் என்றாலோ, அந்தச் செயலியில் முக்கியமான எதையும் நான் வைப்பதில்லை.

பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். மாறியபின் ஒன்றிரண்டு மாதங்கள் அதைத் திறந்தே வைத்திருந்தால், இன்னும் அந்த முகவரிக்கு எழுதுபவர்கள் யார், எந்தத் தளம் அதை நம்பியிருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். பிறகு சந்தாவை நிறுத்தி, கட்டண அட்டையை நீக்கி, பிற செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெற்று, கடைசியாகக் கணக்கை நீக்கக் கோருங்கள். நீக்கியதை உறுதிசெய்து வரும் மின்னஞ்சலை வைத்துக்கொண்டு, தாளில் அந்தப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம்.